இப்போதுதான், ஏற்கனவே, இன்னும்: வியாபார ஆங்கிலத்தில் சின்னச் சொற்கள்

வெளிநாட்டு விநியோகஸ்தருக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத வேண்டும் என்றால் நம்மவர்களில் பலர் பெரிய சொற்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். இன்வொய்ஸ், ஷிப்மன்ட், டிஸ்கவுன்ட், கொமிஷன் எல்லாம் கடையில் காலை முதல் இரவு வரை புழங்கும் சொற்கள். அவற்றில் எவரும் தவறு விடுவதில்லை. தவறு வருவது ஜஸ்ட், யெட், ஸ்டில், ஓல்ரெடி, லேட்லி, ரீசன்ட்லி போன்ற சின்னச் சொற்களில்தான். இவை எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள். தெரியும் என்ற நம்பிக்கையில் யோசிக்காமல் போட்டுவிடுகிறோம்.

ஒரு வேலை முடிந்துவிட்டதா, இப்போதுதான் முடிந்ததா, இன்னும் கிடப்பில் இருக்கிறதா என்பதைச் சொல்பவை இந்தச் சொற்கள். பணம் போய்விட்டதா, சரக்கு கப்பலில் ஏறிவிட்டதா, ஆவணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று வியாபாரத்தில் நாம் கேட்பதும் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். எனவே இந்த வாரம் இவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தமிழிலிருந்து தொடங்குவோம். கடை வாசலில் நின்று வாடிக்கையாளரிடம் "புதுச் சரக்கு வந்திருக்கு" என்கிறோம். வேறொரு சமயம் "போன மாதம் சரக்கு வந்தது" என்கிறோம். முதல் வாக்கியத்தில் சரக்கு இப்போதும் கடையில் இருக்கிறது, உள்ளே வந்து பாருங்கள் என்ற அழைப்பு இருக்கிறது. இரண்டாவது, நடந்து முடிந்த செய்தி. அந்தச் சரக்கு இருக்கிறதோ விற்றுப்போனதோ, அந்த வாக்கியத்துக்குக் கவலை இல்லை. "போன மாதம் சரக்கு வந்திருக்கு" என்று சாதாரணமாக நாம் சொல்வதில்லை. சொன்னால், பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இப்போது கண்டுபிடித்தது போல இருக்கும்.

ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். "நியூ ஸ்டொக் ஹேஸ் அரைவ்ட்" என்பது வந்திருக்கிறது. "த ஸ்டொக் அரைவ்ட் லாஸ்ட் மன்த்" என்பது வந்தது. திகதி, கிழமை, நேற்று, போன மாதம் என்று முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஹேவ், ஹேஸ் இரண்டும் வரக் கூடாது. "வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் இன்வொய்ஸ் ஒன் மன்டே" என்று எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான பிழை. ஒன்றில் மன்டேயை எடுங்கள், இல்லாவிட்டால் ஹேவை எடுங்கள். பாடசாலையில் இதற்கு நீண்ட பெயர் சொல்லித் தந்தார்கள். பெயர் மறந்தாலும் பாதகமில்லை. வந்தது, வந்திருக்கிறது என்ற வித்தியாசம் உங்கள் காதிலேயே இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு எழுதினால் பாதிப் பிழை போய்விடும்.

இனி ஜஸ்ட். இப்போதுதான் என்று நாம் சொல்லும் இடத்தில் வருவது. "வீ ஹேவ் ஜஸ்ட் ரிசீவ்ட் யுவர் மெயில்": உங்கள் மின்னஞ்சல் இப்போதுதான் கிடைத்தது. ஹேவுக்கும் வினைக்கும் நடுவில் இது உட்காரும். அமெரிக்கர்கள் ஹேவ் இல்லாமல் "வீ ஜஸ்ட் ரிசீவ்ட் யுவர் மெயில்" என்று எழுதுவார்கள். ஓல்ரெடி, யெட் ஆகியவற்றையும் அவர்கள் அப்படிப் பாவிப்பதுண்டு. அது அவர்கள் வழக்கு, பிழை அல்ல. நமக்குப் பாடசாலையில் சொல்லித் தந்தது பிரித்தானிய வழக்கு. எதை எழுதினாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் எழுதுவது நல்லது.

ஆனால் ஜஸ்டுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. "மட்டும்தான்" என்ற பொருளும் அதற்கு உண்டு. "வீ ஜஸ்ட் ஓடர்ட் டென் கார்ட்டன்ஸ்" என்று எழுதினால், பத்துப் பெட்டி இப்போதுதான் ஓடர் செய்தோம் என்றும் படிக்கலாம், பத்துப் பெட்டி மட்டும்தான் ஓடர் செய்தோம் என்றும் படிக்கலாம். விநியோகஸ்தர் இருபது பெட்டி அனுப்பிவிட்ட தகராறில் இப்படி ஒரு வரி எழுதினால் உங்கள் முறைப்பாடு அவருக்குப் புரியாமலே போகலாம். மட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஒன்லி" போடுங்கள். இப்போதுதான் என்றால் ஹேவைச் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒன்லி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தமிழில் "இப்பதான் அனுப்பினீங்களா?" என்று கேட்கும் தொனியில் ஒரு குத்தல் இருக்கலாம்; இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்ற அர்த்தம். ஆங்கிலத்தில் அந்தக் குத்தலுக்குத் தனிச் சொல் உண்டு. "வீ ஹேவ் ஜஸ்ட் ரிசீவ்ட் த சாம்பிள்ஸ்" என்பது வெறும் செய்தி. "வீ ஹேவ் ஒன்லி நவ் ரிசீவ்ட் த சாம்பிள்ஸ்" என்பது தாமதத்தைச் சுட்டிக்காட்டும் பேச்சு. தெரிந்து எழுதினால் நல்ல ஆயுதம். தெரியாமல் எழுதினால் நல்ல விநியோகஸ்தர் ஒருவர் காரணம் புரியாமல் மனம் நோவார்.

ஜஸ்ட் நவ் என்ற சோடியும் கவனிக்க வேண்டியது. நமக்கு அது சற்று முன்னர். ஆனால் தென்னாபிரிக்காவில் "ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்" என்றால் பிறகு செய்கிறேன், கொஞ்ச நேரம் போகட்டும் என்று பொருள். அவர்களிடம் உடனே என்பதற்கு அண்மையாக இருப்பது "நவ் நவ்". அந்நாட்டு வாங்குநர் ஒருவர் ஜஸ்ட் நவ் பணம் அனுப்புவதாகச் சொன்னால் அன்று மாலையே வங்கிக்கு ஓட வேண்டாம். ப்ரெசன்ட்லி என்ற சொல்லும் இப்படி நாட்டுக்கு நாடு மாறும் ஒன்று. அமெரிக்கருக்கு அது இப்போது. பழைய பிரித்தானிய வழக்கில் விரைவில். "இப்போது கையிருப்பில் இல்லை" என்று எழுத "கரன்ட்லி" பாதுகாப்பானது.

அண்மையில் என்பதற்கு ஆங்கிலத்தில் ரீசன்ட்லி, லேட்லி என்று இரண்டு இருக்கின்றன. அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும். வியாபாரத்தில் அவை ஒன்றல்ல. ஒரு தடவை நடந்த காரியத்துக்கு ரீசன்ட்லி: "வீ ரீசன்ட்லி ஓபன்ட் எ பிரான்ச் இன் கண்டி." இங்கே ஹேவ் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. லேட்லி அப்படி அல்ல. கொஞ்ச நாட்களாகத் தொடர்ந்து அல்லது திரும்பத் திரும்ப நடப்பதற்குத்தான் அது பொருந்தும். கூடவே ஹேவும் பெரும்பாலும் வரும். "சேல்ஸ் ஹேவ் பீன் ஸ்லோ லேட்லி": கொஞ்ச நாளாகவே வியாபாரம் மந்தம். "ஹேவ் யூ சோல்ட் எனி ஒப் திஸ் லேட்லி?": இந்தப் பக்கத்தில் இது ஏதாவது விற்றீர்களா? தமிழில் "கொஞ்ச நாளா", "இப்ப இப்ப" என்று வரும் இடமெல்லாம் லேட்லி. ஒரு நாள், ஒரு சம்பவம் என்றால் ரீசன்ட்லி. கண்டிக் கிளையை "லேட்லி" திறந்தோம் என்று எழுதினால் அர்த்தம் விளங்கும், ஆனால் படிப்பவரின் காதுக்கு உறுத்தும்.

உறுத்தினால் பரவாயில்லை, பணம் போகக் கூடாது. லேட்லியில் பணமும் போகலாம். துணி வியாபாரி ஒருவர் எனக்குக் காட்டிய மின்னஞ்சல் ஒன்று: பெருநாள் சீசனுக்கு ஓடர் செய்த துணி பெருநாள் முடிந்து ஒன்பதாம் நாள் கடைக்கு வந்திருக்கிறது. விலையில் கழிவு கேட்கும் எண்ணத்தோடு "த குட்ஸ் கேம் லேட்லி" என்று எழுதியிருந்தார். சரக்குத் தாமதித்து வந்தது என்று சொன்னதாக அவர் நினைப்பு. மறுபக்கத்தில் படித்தவருக்கோ சரக்கு அண்மையில் வந்தது என்ற பொருள்தான் கிடைத்தது. "சரக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி, அடுத்த ஓடரை எதிர்பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. நம்மவருக்குக் கோபம், தன்னை நக்கலடிக்கிறார்கள் என்று. அடுத்த கடிதம் கோபத்தில் போனது. அதற்கு வந்த பதிலும் அப்படித்தான். கழிவும் கிடைக்கவில்லை, அந்த இடத்துத் தொடர்பும் போய்விட்டது.

தாமதமாக என்பதற்கு லேட் என்ற சொல்லே போதும். "த குட்ஸ் கேம் லேட்." அதோடு லி சேர்த்தால் பொருளே மாறிவிடும். ஸ்லோ, ஸ்லோலி என்று படித்த பழக்கத்தில் லேட், லேட்லி என்று போய்விடுகிறோம். ஹார்ட், ஹார்ட்லி என்பதிலும் இதே பள்ளம் உண்டு: "வீ வேர்க் ஹார்ட்" என்றால் கடுமையாக உழைக்கிறோம், "வீ ஹார்ட்லி வேர்க்" என்றால் நாங்கள் வேலை செய்வதே அபூர்வம். இதை நிறுவன அறிமுகக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும். தமிழில் இந்த ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். கல் இன்னும் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. இன்னும் பத்துப் பெட்டி அனுப்புங்கள். இன்னும் இரண்டு நாளில் அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு விதம்.

சீனக்கோட்டைக் கல் வியாபாரி ஒருவர் பாங்கொக் வாங்குநருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல் இன்னும் இருக்கிறது என்றால் "ஐ ஸ்டில் ஹேவ் த ஸ்டோன்". பணம் இன்னும் வரவில்லை என்றால் "த பேமன்ட் ஹேஸ் நொட் அரைவ்ட் யெட்". இன்னும் பத்து என்றால் "டென் மோர்". இன்னும் இரண்டு நாளில் என்றால் "இன் டூ டேய்ஸ்". கடைசி இரண்டிலும் ஸ்டில்லுக்கும் யெட்டுக்கும் வேலையே இல்லை. "சென்ட் ஸ்டில் டென் கார்ட்டன்ஸ்" என்று எழுதினால் அதைப் படிப்பவர், முன்பு சொன்ன பத்துப் பெட்டியையே அனுப்பச் சொல்கிறாரா, மேலதிகமாகப் பத்துக் கேட்கிறாரா என்று குழம்புவார். அப்படிக் குழம்பியவர் எப்போதும் உங்களுக்குச் சாதகமாக முடிவெடுப்பார் என்று சொல்ல முடியாது.

கடன் வசூலிப்பவர்கள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இல்லை என்ற வாக்கியத்தில் யெட், ஸ்டில் இரண்டும் வரலாம், தொனி வேறு. "வீ ஹேவ் நொட் ரிசீவ்ட் யுவர் பேமன்ட் யெட்" என்றால் வரும் என்று எதிர்பார்க்கிறோம், வரவில்லை, தெரிவிக்கிறோம். "வீ ஸ்டில் ஹேவ் நொட் ரிசீவ்ட் யுவர் பேமன்ட்" என்றால் இவ்வளவு சொல்லியும் வரவில்லையே என்ற சலிப்பு. யெட் வாக்கியத்தின் கடைசியில். ஸ்டில் ஹேவுக்கு முன்னால். முதல் நினைவூட்டலில் யெட் எழுதுங்கள். இரண்டாவதிலும் யெட் எழுதலாம். மூன்றாவதில் ஸ்டில் எழுதினால் ஆங்கிலம் தெரிந்த எவருக்கும் உங்கள் பொறுமை முடிகிறது என்பது விளங்கும். அதற்குமேல் ஒரு கடுஞ்சொல்லும் தேவையில்லை. என்னைக் கேட்டால், பத்து வருட வாடிக்கையாளர் முதல் தடவையாகத் தாமதிக்கும்போது ஸ்டில் எழுதுவது கல்லெறிவதற்குச் சமம். நம்மில் பலர் முதல் கடிதத்திலேயே எறிந்துவிடுகிறார்கள், அதுவும் எறிந்தது தெரியாமல்.

ஓல்ரெடி என்பது ஏற்கனவே. "வீ ஹேவ் ஓல்ரெடி பெய்ட்": ஏற்கனவே செலுத்திவிட்டோம். நம்மவர்கள் தமிழ் ஒழுங்கில் "ஓல்ரெடி வீ ஹேவ் பெய்ட்" என்று தொடங்குவார்கள். விளங்காமல் போகாது, ஆனால் நடுவில் வைத்தால் சீராக இருக்கும். கேள்வியில்தான் நுணுக்கம். "ஹேவ் யூ ஷிப்ட் த குட்ஸ் யெட்?" என்றால் அனுப்பியாகிவிட்டதா என்ற சாதாரண விசாரிப்பு. "ஹேவ் யூ ஓல்ரெடி ஷிப்ட் த குட்ஸ்?" என்றால் அட, அதற்குள் அனுப்பிவிட்டீர்களா என்ற வியப்பு. ஓடரில் மாற்றம் செய்ய நினைக்கும்போது இரண்டாவது பொருத்தம். சும்மா விசாரிக்கும்போது இரண்டாவதை எழுதினால், ஏதோ அனுப்பியது பிழை என்று சொல்ல வருகிறார் போல என்று மறுபக்கம் தடுமாறும்.

பெயர்ப்பலகை, சுவரொட்டி பற்றி ஒரு வார்த்தை. "ஜஸ்ட் அரைவ்ட்" என்ற துணிப் பதாகை கடை வாசலில் அழகுதான், வெயிலில் நிறம் மங்கும்வரை தொங்காமல் இருந்தால். புதிதாகத் திறந்த கடைக்கு "நியூலி ஓபன்ட்". "நியூ ஓபன்ட்" அல்ல. அரைத்த மசாலாவுக்கும் கோப்பிக்கும் "ஃப்ரெஷ்லி கிரவுன்ட்", அடுமனைக்கு "ஃப்ரெஷ்லி பேக்ட்". சாப்பாட்டுச் சாமானுக்கு நியூலி பொருந்தாது, கடைத் திறப்புக்கு ஃப்ரெஷ்லி பொருந்தாது. இவ்வளவுதான்.

பழைய வியாபாரக் கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கடைகளில் இன்ஸ்டன்ட், அல்டிமோ, ப்ரொக்சிமோ என்ற மூன்று சொற்களைக் காணலாம். பெரும்பாலும் சுருக்கி எழுதியிருப்பார்கள். முதலாவது இந்த மாதம், இரண்டாவது சென்ற மாதம், மூன்றாவது வரும் மாதம். பதினான்காம் திகதி அல்டிமோ என்றால் சென்ற மாதம் பதினான்கு. கடிதம் கப்பலில் போய் மாதம் மாறியபின் கிடைத்தாலும், கடிதத்தின் திகதியை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இப்போது இவற்றை எழுதினால் பாதிப் பேருக்கு விளங்காது. மாதத்தின் பெயரையே எழுதிவிடுங்கள்.

மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 3/4 என்று இலக்கத்தில் போட்டால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்கருக்கு மார்ச் நான்கு.

வங்கிக்கு வருவோம். எல்.சி. திறந்து இறக்குமதி செய்பவர்கள் ஒரு விடயத்தை அறிந்திருக்க வேண்டும். பாரிசில் தலைமையகம் உள்ள சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட யூ.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தன. அதன் 3ஆம் பிரிவு, ப்ரொம்ட், இமீடியட்லி, அஸ் சூன் அஸ் பொசிபிள் போன்ற சொற்களை, ஓர் ஆவணத்தில் அவை இடம்பெற வேண்டும் என்று எல்.சி.யே கேட்டிருந்தால் தவிர, கணக்கிலெடுக்கப்படமாட்டாதவை என்கிறது. அதாவது "உடனடியாக அனுப்ப வேண்டும்" என்று எல்.சி.யில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் எதையும் எழுதவில்லை. அதே பிரிவில் "ஒன் ஓர் அபவுட்" என்ற சொற்றொடருக்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது: குறிப்பிட்ட திகதிக்கு ஐந்து நாள் முன்பிருந்து ஐந்து நாள் பின்புவரை, தொடக்க நாளும் கடைசி நாளும் உட்பட. ஜூன் 15ஐ ஒட்டி என்று எழுதினால் ஜூன் 10 முதல் 20 வரை எந்த நாளில் அனுப்பினாலும் சரி. 20ஆம் திகதி பெருநாள் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. கடைசித் திகதியை நேராகப் போட்டுவிடுங்கள்.

விநியோகஸ்தர் எழுதும் "வீ ஹேவ் ஜஸ்ட் ஷிப்ட்" என்ற வரியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஷிப்ட் என்ற சொல்லைப் பலர் தளர்வாகப் பாவிக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து லொறி புறப்பட்டாலும் ஷிப்ட், முகவரின் களஞ்சியத்தில் இறக்கினாலும் ஷிப்ட். சரக்கு அங்கே பத்து நாள் கப்பலுக்குக் காத்துக் கிடக்கலாம். நமக்கு வேண்டியது பில் ஒப் லேடிங்கில் உள்ள, கப்பலில் ஏற்றிய திகதி. "ரிசீவ்ட் ஃபோர் ஷிப்மன்ட்" என்று மட்டும் அதில் இருந்தால் சரக்கைப் பொறுப்பேற்றார்கள் என்றுதான் அர்த்தம், கப்பலில் ஏற்றினார்கள் என்றல்ல. எனவே ஜஸ்ட் என்ற சொல் வந்த மின்னஞ்சலுக்குத் திகதி கேட்டு ஒரு பதில் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு மாதிரி மின்னஞ்சல்:

"வீ ரிசீவ்ட் யுவர் இன்வொய்ஸ் ஒன் 12 மார்ச். வீ பெய்ட் த பலன்ஸ் ஒன் 14 மார்ச் அன்ட் த பேங்க் ஸ்லிப் இஸ் அட்டாச்ட். வீ ஹேவ் நொட் ரிசீவ்ட் த பில் ஒப் லேடிங் யெட். ப்ளீஸ் லெட் அஸ் நோ த ஒன் போர்ட் டேட்."

முதல் இரண்டு வாக்கியத்திலும் திகதி இருப்பதால் ஹேவ் இல்லை. மூன்றாவதில் திகதி இல்லை, விடயம் இன்னும் நடக்கவில்லை, ஆகவே ஹேவும் யெட்டும் வந்தன. முதல் விசாரிப்பு என்பதால் ஸ்டில் எழுதவில்லை. இதற்கு "வீ ஹேவ் ஓல்ரெடி சென்ட் இட் பை கூரியர்" என்று மட்டும் பதில் வந்தால், எந்தத் திகதியில், எந்தக் கூரியரில், பொதி இலக்கம் என்ன என்று கேட்டு அன்றே இன்னொரு வரி எழுதிப் போடுங்கள்.